ஈயம் உருக்குகிற என் மகனுக்கு

குஞ்சு,

உனக்கு இருபத்துநாலு வயது. தாடி வைத்திருக்கிறாய், வான் ஓட்டுகிறாய், ஒரு பிள்ளைக்குத் தகப்பன். இந்தப் பெயரால் கூப்பிட்டால் உனக்குக் கோபம் வரும். வரட்டும். நான் போட்ட மூன்று கடிதமும் பிரிக்காமலே திரும்பி வந்தன. உறையின் மேல் நீ இங்கிலீசில் ஏதோ எழுதியிருந்தாய். அனுப்பின ஆளுக்கே திருப்பிக் கொடுக்கச் சொல்லி எழுதியிருக்கிறது என்று பக்கத்து வீட்டு மனுசி கையைக் காட்டி விளங்கப்படுத்தினாள். நான் இருக்கிற மவுண்ட் ஆல்பர்ட்டில் இருந்து நீ இருக்கிற மங்கரேக்குக் கடிதம் போவதற்கு ஒரு நாள், திரும்பி வருவதற்கு ரெண்டு நாள். அதுதான் இதை நம்முடைய சனங்கள் மாதாமாதம் ரோனியோ மெசினில் பிரதி அடித்து வீடுவீடாகத் தபாலில் போடுகிற பத்திரிகைக்குக் கொடுக்கிறேன். அதை நீ திருப்பி அனுப்புகிறதில்லை என்று விசாரித்து வைத்திருக்கிறேன். மற்ற ஆட்களும் வாசிப்பார்கள். நம்மவர்களில் நாலைந்து வீடுகளில் வேட்டைக்குச் சுடுகிற துவக்கு இருக்கிறது, அந்த வீட்டுப் பெண்டுகள் வாசித்தால் நல்லது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்துப் பிழையைத் திருத்தலாம், சொன்னதைத் திருத்தக்கூடாது என்று பத்திரிகைத் தம்பியிடம் சொல்லித்தான் தாளைக் கொடுத்தேன்.

அப்பாவின் செத்தவீட்டுக்கு நீ வரவில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து ஆட்கள் போன பிறகு வந்தாய். வந்தும் வீட்டுக்குள் ஏறவில்லை. வானைப் பின்பக்கமாகக் கராஜ் வாசலுக்கு விட்டாய். "தம்பி, உள்ள வா. ஒரு வாய் சாப்பிட்டிட்டுப் போ" என்றேன். "வேண்டாம்" என்றாய். அப்பா தோட்டா செய்கிற அந்த இரும்புப் பிரெஸ்ஸைக் கழற்றத் தொடங்கினாய். "உதை எங்க கொண்டு போறாய்? கோட்டு இருக்கு, மணிக்கூடு இருக்கு, அதுகள எடன்" என்றேன். "அதுகள நீங்களே வச்சிருங்கோ. எனக்கு இதுதான் வேணும்" என்றாய். ஈயக் கட்டிகள் இருந்த பெட்டி உனக்குத் தனியத் தூக்க ஏலாமல் இருந்தது. மற்றப் பக்கத்தை நான் பிடித்தேன். என் கையாலேயே தூக்கி உன் வானுக்குள் வைத்தேன். அது என்னவென்று நல்லாகத் தெரிந்துகொண்டுதான் வைத்தேன். நீ ஏதோ ஒன்றையாவது அப்பாவிடம் இருந்து எடுக்கிறாயே என்று இருந்தது.

பத்து நாளைக்கு முன் லூசி எனக்குப் போன் எடுத்தாள். உன் மனுசி நல்ல பிள்ளை, எனக்காக ஒவ்வொரு சொல்லாகக் கதைப்பாள். பெஞ்ச் எங்கே போட்டிருக்கிறான் என்று கேட்டேன். உடுப்புத் தோய்க்கிற அறையில் என்றாள். "பேபி க்ரோலிங், மம். எவ்ரிவேர்" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எட்டு மாதப் பிள்ளை, கண்டதையெல்லாம் வாயில் வைக்கிற வயது, அந்தத் தரையில் தவழுகிறாள். அவளுடைய உடுப்பைக் கழுவுகிற இடத்தில் நீ ஈயம் உருக்குகிறாய். மகனே, அந்தப் பெஞ்சை வீட்டுக்கு வெளியே எடு. நான் கேட்பது இவ்வளவுதான். இதைக் கேட்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது என்று நீ கேட்பாய். உரிமை இல்லை. தெரியும் என்பதற்காகக் கேட்கிறேன். எப்படித் தெரியும் என்று சொல்ல வேண்டுமென்றால் நான் செய்த பிழைகளைச் சொல்ல வேண்டும்.

கலவரத்தில் கொழும்பில் தமிழ் வீடு என்று எங்கள் வாசலில் பெற்றோல் ஊற்றினபோது அப்பாவின் கையில் இருந்தது ஒரு குடை. கந்தோருக்கு வேலைக்கு வெளிக்கிட்டவர், அதோடேயே நின்றார். எதிர்வீட்டு மனுசனை றோட்டில் இழுத்துப் போட்டு வெட்டினதைக் குளியலறை யன்னலால் நீயும் பார்த்தாய், நானும் பார்த்தேன். உன் வாயை நான் பொத்தினேன், நீ என் கையைக் கடித்தாய். அந்தக் குடையைப் பற்றி அப்பா பிறகு ஒருநாளும் கதைக்கவில்லை. இங்கே வந்து இறைச்சிக் கம்பனியில் செம்மறியின் கழுத்து வெட்டுகிற வேலை கிடைத்தது. சாகிற வரைக்கும் பொய் சொல்லாத கிளாக்கர், ஒரு நாளைக்கு எத்தனை கழுத்து என்று எண்ணாமல் வெட்டினார். அங்கே கூட வேலை செய்த வெள்ளைக்காரன் ஒருவன் மலைக்குக் காட்டாடு சுடக் கூட்டிப்போனான். திரும்பி வந்தபோது அப்பாவின் முகத்தில் வெளிச்சம் இருந்தது. துவக்கு வாங்கப் போகிறேன் என்றார். "இனி ஒருத்தனும் என்ர வாசல்ல கால் வைக்கேலாது" என்றார். "இஞ்ச ஆர் வரப்போறான், பால் போத்தில் கொண்டு வாறவனோ?" என்று நான் பகிடியாகக் கேட்டேன். கன்னத்தில் விழுந்தது. காது ரெண்டு நாள் இரைந்தது.

அந்த இரைச்சல் அடங்குவதற்குள் லைசென்ஸ் விசயமாகப் பொலிஸ்காரர் வந்தார். அப்பாவை முற்றத்தில் நிற்கச் சொல்லிவிட்டு என்னிடம் தனியாகக் கேட்டார். எனக்குப் பாசை தெரியாது என்று உன்னை இடையில் இருத்தினார். "அம்மா, அப்பாக்குக் கோவம் வாறதோ எண்டு கேக்கிறார்" என்றாய். "நல்ல சாந்தமான மனுசன் எண்டு சொல்லு" என்றேன். "அம்மா" என்றாய். "சொல்லடா" என்றேன். சொன்னாய். "உங்களை எப்பவாவது அடிச்சவரோ எண்டும் கேக்கிறார்." அதைச் சொல்லும்போது நீ என் முகத்தைப் பார்க்கவில்லை, கன்னத்தைப் பார்த்தாய். "இல்லை எண்டு சொல்லு. தேத்தண்ணி குடிக்கிறாரோ எண்டும் கேள்" என்றேன். அந்த மனுசன் நல்லவர், ரெண்டாந்தரமும் கேட்டார். ரெண்டாந்தரமும் நான் இல்லை என்றேன், நீ அதை அழகான இங்கிலீசில் சொன்னாய். துவக்கு வீட்டுக்கு வந்தது அப்பாவால் இல்லை, குஞ்சு. என் வாயால் வந்தது.

அதற்குப் பிறகு அப்பாவுக்குக் கடைத் தோட்டா பிடிக்கவில்லை. தானே செய்தார். டயர் கடைக்காரர்கள் சக்கரத்தில் இருந்து கழற்றி எறிகிற ஈயத் துண்டுகளை வாளி வாளியாகக் கொண்டு வந்தார். கராஜ் குளிரென்று என் குசினி அடுப்பில் வைத்து உருக்கினார். மாரிகாலம், யன்னல் எல்லாம் பூட்டு. மெழுகுதிரித் துண்டு போட்டுக் கிண்டுவார், சாம்பல் நிறத்தில் புகை எழும்பும், அழுக்கை வழித்துத் தட்டில் போடுவார். அந்தப் புகைக்கு நடுவில்தான் பக்கத்து அடுப்பில் நான் பருப்பு அவித்தேன். வெடித்த தோட்டாக்களின் வெறுங்கோதுகளைத் துலக்குவதற்கு, பழைய வோஷிங் மெசின் மோட்டரில் ஒரு தகரத்தைப் பூட்டி, அதற்குள் கோதையும் அரிசியையும் போட்டுச் சுழற்றுவார். அரிசி உரஞ்சி உரஞ்சிக் கோது பொன் மாதிரி வரும், அரிசி கரி மாதிரி வரும். அந்தக் கரி என்னவென்று எனக்குத் தெரியாது. அரிசி என்றுதான் எனக்குத் தெரியும். எறிய மனம் வருமா? பின்படியில் குந்தி இருந்து சுளகில் போட்டுப் புடைத்தேன். கறுப்புத் தூள் காற்றில் எழும்பி என் மூக்கிலும் தலையிலும் கொடியில் காய்ந்த உன் சேட்டுகளிலும் படிந்தது. புடைத்த அரிசியைத் திரும்ப அவரிடம் கொடுத்தேன், அதற்கும் ஆகாமல் போனதைக் கோழிகளுக்குப் போட்டேன். அந்தக் கோழிகளின் முட்டையை அரைவாசி அவித்து, மிளகு போட்டு, வேலைக்குப் போகிறாய் என்று ஒவ்வொரு காலையும் உனக்குத் தந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளை நீ மறந்திருக்க மாட்டாய். அப்பா பெஞ்சில் இருந்து எழும்பி, இடுப்பில் கட்டின சாரத்தில் கையைத் துடைத்து, ஒரு கை தண்ணியை விரலில் விட்டுக்கொண்டு வந்து, மிச்சக் கறி எல்லாவற்றையும் சோற்றோடு சட்டியில் போட்டுக் குழைப்பார். "இந்தா மாப்பிள்ளை, கைய நீட்டு" என்று உனக்கு ஒரு உருண்டை. "இந்தாரும், உமக்கு" என்று எனக்கு ஒன்று. அந்த ஒரு நேரத்தில் அந்த மனுசனிடம் ஒரு குறையும் சொல்ல ஏலாது. "நகத்துக்க கறுப்பாக் கிடக்கு, வடிவாக் கழுவுங்கோவன்" என்று ஒருநாள் சொன்னேன். "உது ஊத்தையில்லை, ஈயம்" என்று பெருமையாகச் சொன்னார். எங்கள் எல்லோரையும் அவர் தின்னத் தந்தே கெடுத்தார், நான் அவித்துத் தந்தே கெடுத்தேன். அடித்ததெல்லாம் வேறு கணக்கு.

அடி கூடிக்கொண்டே போனது. தலையிடி என்பார், வயிறு முறுக்குகிறது என்பார், பிறகு அடிப்பார். கொக்கரித்தது என்று ஒரு கோழியைக் காலால் மிதித்தே கொன்றார். செருப்பைக் கழுவித் தந்தவள் நான். தான் குந்தியிருந்த கதிரையைத் தூக்கி என் முதுகில் போட்டார். துவக்கை மட்டும் ஒருநாளும் எங்கள் பக்கம் திருப்பவில்லை. அவருக்குக் கை போதுமாக இருந்தது.

இனி அந்தச் சனிக்கிழமை. இதை நீ உன் பக்கத்தில் இருந்து அறிவாய், என் பக்கத்தைக் கேள். அடுப்பில் ஈயம் உருகி நின்றது. நீ குண்டு அச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாய், அப்பா வார்த்துக்கொண்டு நின்றார். கொஞ்சம் வெளியே போனார். அவர் ஈயம் அள்ளுகிற கரண்டி அழுக்கேறிக் கிடந்தது. என் குசினியில் கழுவாத கரண்டி கிடந்தால் எனக்குப் பொறுக்காது. எடுத்துக் கழுவினேன். அவர் வந்து கையை நீட்டினார், ஈரத்தோடேயே கொடுத்தேன். அவரும் பார்க்கவில்லை. சட்டிக்குள் விட்டார். வெடி வெடித்தது மாதிரி ஒரு சத்தம். ஈயம் கூரை வரைக்கும் எழும்பிச் சிதறியது. அவரின் முழங்கையில் தோல் உரிந்து தொங்கியது, உன் கழுத்தில் ஒரு துளி ஒட்டிக்கொண்டு புகைந்தது. இறைச்சி கருகுகிற மணம். "ஆரடி கழுவச் சொன்னது?" என்று கேட்டார். குரல் உயரவேயில்லை. அந்தச் சூடான இரும்பு அச்சைக் கையில் எடுத்து எனக்கு ஓங்கினார். நீ இடையில் வந்தாய். உன் கை முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது, பச்சைத் தடி முறிகிற மாதிரி. விழுந்த பிறகும் அடித்தார். நான் அவரின் காலைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன், என் தலையிலும் விழுந்தது. "பாத்ரூமில சறுக்கி விழுந்தனான் எண்டு சொல்லு" என்று ஆஸ்பத்திரி வாசலில் உனக்குச் சொல்லித் தந்தேன். சொன்னாய். கையில் கட்டோடு அப்படியே போனாய், திரும்பி வரவில்லை.

அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம். ஒருநாள் காலை அப்பா தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கினார், மணிக்கட்டு தொங்கிப்போனது. நிமிர்த்த ஏலவில்லை. வலது கை, என்னை அடித்த கை, செத்த கோழியின் கழுத்து மாதிரித் தொங்கியது. ஆஸ்பத்திரியில் டொக்டர் எத்தனையோ கேட்டுவிட்டுக் கடைசியில் வீட்டில் என்ன வேலை செய்கிறார் என்று கேட்டார். ரத்தம் எடுத்தார்கள். ஈயம் என்றார்கள். சிறுநீரகம் பழுதாகிவிட்டது, நாள் இல்லை என்றார்கள். என் ரத்தத்தையும் எடுத்தார்கள், அதிலும் ஈயம். எனக்கு மருந்து தந்தார்கள், குறைந்து வருகிறது.

வீட்டைப் பார்க்க ஒரு தாதி வந்தாள். பீஜித் தீவுக்காரி, அவளுடைய பாட்டனார் தமிழ், அவளுக்கும் கொஞ்சம் வரும். நான் கராஜைத் தும்புத்தடியால் கூட்டிக்கொண்டு நின்றேன். "அம்மா, நீங்க வீடு கூட்டுறீங்களா, விஷத்தத் தூவுறீங்களா?" என்று தடியைப் பறித்தாள். சுளகைப் பற்றிச் சொன்னேன். தலையில் கையை வைத்துக்கொண்டு படியில் இருந்துவிட்டாள். அவள் அன்று சொல்லித் தந்ததைத்தான் உனக்குச் சொல்கிறேன். கூட்டாதே, ஈரத் துணியால் துடை, துணியை எறி. உருக்காதே, செப்பு மூடின குண்டு கடையில் இருக்கிறது, அதை வாங்கு. உருக்கித்தான் ஆவேன் என்றால் வெளியே, வெட்டவெளியில், காற்று முதுகுக்குப் பின்னால் இருக்கிற மாதிரி நில். ஒரு சொட்டு ஈரம் கிட்ட வரக்கூடாது, அது உனக்குச் சொல்லத் தேவையில்லை, கழுத்தில் எழுதியிருக்கிறது. கோதுகளைச் சவர்க்காரத் தண்ணியில் போட்டுக் கழுவினால் தூள் எழும்பாது, ஆனால் அந்தத் தண்ணி குசினித் தொட்டிக்கோ உடுப்புத் தொட்டிக்கோ வரக்கூடாது. கழுவின கோது நல்லாகக் காய்ந்த பிறகுதான் வேலை. அரிசியைக் கண்ணிலும் காட்டாதே. அந்த வேலைக்கு ஒரு சேட்டு, ஒரு காற்சட்டை, ஒரு சப்பாத்து, அது வாசலுக்கு வெளியே நிற்கட்டும், பிள்ளையின் உடுப்போடு தோய்க்காதே. சிகரெட் பத்தாதே, ஒன்றும் வாயில் வைக்காதே. முடிந்ததும் முழங்கை வரைக்கும் சவர்க்காரம், முகம், தாடி, நகக்கண். தாடியை மறக்காதே, பிள்ளை முகத்தை அதில்தான் தேய்க்கும். அதற்குப் பிறகுதான் அவளைத் தூக்கு. அதற்குப் பிறகுதான் அவளுக்கு உன் கையால் ஒரு வாய் ஊட்டு.

ஈயம் என்று டொக்டர் சொன்னபோது நான் என்ன செய்தேன் என்று சொன்னால் நீ நம்ப மாட்டாய். சந்தோசப்பட்டேன். ஈயம் மூளைக்குப் போனால் மனுசனுக்குக் கோபம் கூடும் என்று அவர் சொன்னதைத் தாதியிடம் மூன்று தரம் திருப்பிக் கேட்டேன். அப்ப அவர் இல்லை, ஈயம்தான் அடித்தது என்று எனக்குள் சொல்லிச் சொல்லி, கட்டிலில் தொங்கின கையோடு கிடந்த மனுசனுக்குச் சோறு குழைத்து ஊட்டினேன். "இஞ்சாருங்கோ, பிள்ளைக்குச் சொல்லட்டோ, எல்லாம் இந்த ஈயத்தாலதான் எண்டு?" என்று கேட்டேன். "உம்மை நான் முதன்முதல் அடிச்சது எப்ப எண்டு ஞாபகம் இருக்கோ?" என்று கேட்டார். இல்லை என்றேன். "எனக்கு இருக்கு" என்று மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தார். எனக்கும் இருக்கிறது, குஞ்சு. கலியாணம் கட்டி நாலாம் மாதம், கொழும்பில், நீ வயிற்றிலும் இல்லை, ஈயமும் இல்லை, குடையோடு நின்ற அந்த நாளும் இல்லை. கறிக்கு உப்புக் கூடிப்போனது. அப்படிக் கேட்டு ரெண்டு கிழமையில் அப்பா செத்துப்போனார். நான் ஒவ்வொரு நாளும் அழுகிறேன். யாருக்காக என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

லூசி அன்று போனில் இன்னொன்றும் சொன்னாள். அதைக் கடைசிக்கு விட்டது எழுதக் கை வராமல்தான். "மம், டோர் புரோக்கன்" என்றாள். "காத்தோ? விண்ட்?" என்று கேட்டேன். "நோ, மம்" என்றாள். மூக்கை உறிஞ்சி உறிஞ்சி ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். பிள்ளை அழுகையை நிறுத்தவில்லையாம். படுக்கையறைக் கதவில் உன் முழங்கை வரைக்கும் போகிற அளவுக்கு ஓட்டையாம். கதவுக்கு மற்றப் பக்கத்தில் அவள் பிள்ளையோடு நின்றிருக்கிறாள். "அடிச்சவனோ?" என்று கேட்க எனக்கு இங்கிலீஸ் தெரியும், அந்த அளவுக்குத் தெரியும். கேட்டேன். "நோ, மம்" என்று உடனே சொன்னாள். அந்த உடனே எனக்குத் தெரிந்த உடனே. நானும் அப்படித்தான் பொலிஸ்காரருக்குச் சொன்னேன்.

போனை வைத்துவிட்டு சாமிப் படத்துக்கு முன்னால் போய் நின்று, கடவுளே, இது ஈயமாக இருக்கட்டும் என்று கும்பிட்டேன். மகனின் ரத்தத்தில் விஷம் இருக்க வேண்டும் என்று நேர்த்தி வைக்கிற தாய் வேறு எங்காவது இருப்பாளோ தெரியாது. பேரப்பிள்ளையின் ரத்தத்தில் இருக்கக்கூடாது, உன்னுடையதில் இருக்க வேண்டும். இப்படியும் ஒரு கும்பிடு. இந்தப் பத்திரிகை உன் கைக்கு வந்த பிறகு வருகிற முதல் செவ்வாய்க்கிழமை காலை உங்கள் மூன்று பேருக்கும் ரத்தம் எடுக்க அந்தத் தாதியைக் கொண்டு நாள் எடுத்து லூசியிடம் சொல்லியிருக்கிறேன். போ. என்னைப் பார்க்க வேண்டாம், என்னோடு கதைக்க வேண்டாம், போய்க் கையை நீட்டு. இருக்கிறது என்று சொன்னால் பயப்படாதே, அதற்கு மருந்து இருக்கிறது, பெஞ்சை வெளியே தூக்கிப் போடலாம், நான் வந்து மற்றப் பக்கத்தைப் பிடிக்கிறேன். லூசியிடமும் சொல்லிவிட்டேன், இன்னொரு தரம் நடந்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நேரே இங்கே வரச்சொல்லி. இந்த முறை யார் வந்து கேட்டாலும் நான் உண்மையைத்தான் சொல்வேன், என் மகன் என்றும் பார்க்க மாட்டேன்.

ஆனால் உன் ரத்தத்தில் ஒன்றும் இல்லை, சுத்தமாக இருக்கிறது என்று அந்தக் கடுதாசி வந்தால், ராசா, அந்தக் கதவை உடைத்தது யார்?